கட்டம் போட்ட கைலியும் பழவேற்காடும்

எட்டாம் வகுப்பில் 'ஐரோப்பியர்களின் வருகை' பாடத்தை நடத்தும்போதெல்லாம், டச்சுக்காரர்கள் என் மாணவர்களுக்கு வெறும் ஆண்டுக்கணக்காகவே இருந்தனர். திருத்தணியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில், எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பழவேற்காடு இருக்கிறது. முதன்முறை திட்டமின்றி அழைத்துச் சென்றேன். திரும்பியதும் எழுதச் சொன்னால், அலையையும் மீன் வறுவலையும் பற்றியே எழுதினார்கள். தவறு என்னுடையது.

அடுத்த முறை, புறப்படுமுன் மூன்று குழுக்களாகப் பிரித்து ஆளுக்கொரு கேள்வி கொடுத்தேன்.

குழு 1: கோட்டை எங்கே?
1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டை, சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம். பிள்ளைகள் கண்டதோ புதர் மண்டிய மேடு. "கோட்டையே இல்லையே மிஸ்!" ஏன் இல்லை என்பதே பாடமானது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியதையும், பின்னர் ஆங்கிலேயர் கை ஓங்கியதையும் அங்கேயே பேசினோம்.

குழு 2: கல்லறைகள் என்ன சொல்கின்றன?
தொல்லியல் துறை பாதுகாக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. கல்லில் உள்ள மொழி புரியாவிட்டாலும் எண்கள் புரியும். இறந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்துப் பார்த்த ஒரு மாணவி, "எங்க அண்ணன் வயசுதான் மிஸ்" என்றாள். குழுவே அமைதியானது.

குழு 3: கப்பலில் என்ன போனது?
மாலையில் ஆளரவமற்ற கடற்கரையில் அமர்ந்து இதைப் பேசினோம். ஐரோப்பியர் இவ்வூரைப் 'புலிகாட்' என்றனர். இங்கிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குத் துணி போனது. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'கைன் பெலிக்காட்' என்று பெயர்; அது இந்த ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்றேன்.

"எங்க தறியில ஓடறதும் கட்டம் போட்ட கைலிதான் மிஸ்!"

சொன்னவன் கடைசி வரிசை மாணவன். வீட்டில் தார் சுற்ற ஆளில்லாத நாள்களில் பள்ளிக்கு வராதவன். மறுநாள் ஒரு கைலித் துண்டுடன் வந்தான். பாவு எது, ஊடை எது, கட்டம் எப்படி விழுகிறது என்று வகுப்புக்கு விளக்கினான். அன்று நானும் மாணவியானேன்.

களப்பயணம் செல்லும் ஆசிரியர்களுக்கு:
• இடத்தை நீங்கள் ஒருமுறை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.
• படகுச் சவாரியும் கடலில் இறங்குவதும் வேண்டாம்.
• கேள்விகளில் ஒன்றாவது மாணவரின் வீட்டைத் தொடட்டும்.