வலையமைப்புக்களின் இணைப்பும் அளாவுமரமும்

தரவு நிலையங்கள் இரண்டனை இணைத்தல், கம்பியொன்றைத் தொடுத்தலோடு முடியும் கருமமெனப் பலர் கருதுவர். அது பொருந்தாது. ஒவ்வொரு வலையமைப்பும் தனக்கென ஓர் ஒழுங்குடையது. ஒழுங்கு வேறுபட்ட இரண்டு கூடுமிடத்து, எவ்வொழுங்கு எதுவரை செல்லும் என்பதை முன்னரே வரையறுத்தல் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகமும் நிலைபெற்றுள்ள இந்நாளில், நம் மாணவர் பலர் இத்துறையிற் புகுவர். ஆதலின் இதன் அடிப்படையை ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

அளாவுமரம் எதற்கு?

வலையமைப்பிலுள்ள ஆளியொன்று, எல்லார்க்கும் பொதுவாக வந்த தரவுப் பொதியை, அது வந்த வாயில் ஒழிந்த ஏனை வாயில்கள் எல்லாவற்றாலும் வெளிவிடும். ஆளிகள் வளையமாகத் தொடுக்கப்பட்டிருப்பின் அப்பொதி மீண்டும் மீண்டும் சுற்றிவரும். ஐபிப் பொதிக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. வழிப்படுத்தியைக் கடக்குந்தோறும் அது குறைந்து ஈற்றிற் பொதி ஒழியும். ஈதர்நெற் பொதிக்கோ அவ்வெண் இல்லை. அது ஓயாது சுழன்று பெருகி வலையமைப்பையே முடக்கிவிடும். எனினும், ஒரு கம்பி அறுந்தால் மற்றொன்று உதவும்பொருட்டு மேலதிகக் கம்பிகளும் வேண்டியனவே.

இவ்விரு தேவைகளையும் பொருத்தியவர் றேடியா பேள்மன் என்னும் அம்மையார். டிஜிற்றல் எக்குயிப்மென்ற் நிறுவனத்திற் பணியாற்றுகையில், 1985 இல் அவர் வகுத்த முறை ஆங்கிலத்தில் ஸ்பானிங் ரீ எனப்படும். ஆளிகள் அனைத்தையும் அளாவி நிற்றலின் அதனை அளாவுமரம் என்போம். ஆளிகள் தமக்குள் அறிவித்தல்களைப் பரிமாறி, மிகச் சிறிய அடையாள எண்ணுடையதை வேராகக் கொள்ளும். ஏனையவை வேருக்குச் செலவு குறைந்த வழியைத் திறந்து, வளையமாக்கும் வாயில்களை அடைத்துவைக்கும். வழி அறுந்தால் அடைத்தது திறக்கும். அம்மையார் இம்முறையை ஒரு சிறு செய்யுளாகவும் பாடினார். நூற்பொருளைச் செய்யுளிற் பொதிதல் நம் முன்னோர்க்கும் வழக்கமன்றோ!

முறைகளின் வேறுபாடு

1990 இல் நியமமாகிய பழைய முறையில், மாற்றுவழி திறக்க 50 செக்கன் வரை செல்லும். 2001 இல் வந்த விரைவுமுறை அதனைச் சில செக்கன்களுள் அடக்கிற்று. சிஸ்கோ நிறுவனம், விலான் எனப்படும் உட்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமரம் வகுத்தது. அதன்பின் வந்த பன்மர முறையோ பல உட்பிரிவுகளைச் சில மரங்களுள் அடக்கும். உட்பிரிவுகள் 200 உள்ள இடத்து முன்னையது 200 மரங்களை நடத்தும். பின்னையது இரண்டு மூன்றால் அமையும்.

ஒழுங்கு பிழைத்தால் வருங்கேட்டுக்குச் சான்றும் உண்டு. இரண்டு வைத்தியசாலைகள் 1996 இல் ஒன்றாகி உருவான பொஸ்ரன் நகரத்துப் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவ நிலையத்தின் வலையமைப்பு, 2002 நவம்பரில் ஏறக்குறைய நான்கு நாட்கள் நிலைகுலைந்தது. ஒரு வழியில் ஏழு ஆளிகளுக்கு மேற்படலாகாத மரம் அவ்வளவைக் கடந்து நீண்டிருந்தது. வைத்தியர்கள் கடதாசிக்கு மீளவேண்டியவராயினர்.

இணைக்கும் முறை

கிளிநொச்சியிற் பன்மர முறையும் வவுனியாவில் தனிமர முறையும் உடைய இரு நிலையங்கள் உளவெனக் கொள்க. அவற்றை நேரே தொடுத்தால், முதல் வினா வேர் எங்கே என்பது. எவரும் எண் குறியாவிடின், ஆளிகள் யாவும் 32768 என்னும் முதன்மை எண்ணையே கொண்டிருக்கும். அப்போது சிறிய மாக் முகவரியுடையதே வேராகும். மூலையிற் கிடக்கும் பழைய ஆளியொன்று ஈரிடத்துக்கும் வேராதல் கூடும். ஆதலின் வேரை நாமே குறித்தல் வேண்டும்.

இரண்டாவதாக, எல்லா உட்பிரிவுகளுக்கும் வேர் பன்மரப் பக்கத்தே அமைதல் நன்று. சிலவற்றின் வேர் அங்கும் சிலவற்றின் வேர் இங்குமாயின், எல்லை வாயில் முரண்பாடு கண்டு தன்னை அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவதாக, சிலர் எல்லையில் அறிவித்தல்களை வடிகட்டி மரங்களைப் பிரிப்பர். கம்பி ஒன்றேயாயின் தீங்கில்லை. இரண்டாவது கம்பி தனியே தொடுக்கப்பட்ட அன்றே, வளையத்தைக் காணும் கண் இருபக்கத்தும் இல்லையாம். இரு கம்பி வேண்டின், அவற்றை ஒரே கற்றையாகப் பிணைத்து ஒன்றெனவே நடத்துக.

எல்லாவற்றினும் சிறந்தது எல்லையில் வழிப்படுத்தியை நிறுத்துதல். வன்னிக் கமக்காரர் இதனை எளிதில் உணர்வர். குளத்து நீரை வயலுக்குக் கொணர எவரும் குளக்கட்டை வெட்டார். துருசைத் திறந்து அளந்து விடுவர். வழிப்படுத்தியும் அத்தகையதே. வேண்டிய பொதியைச் செலுத்தும். ஒரு பக்கத்துச் சுழற்சியை மறுபக்கம் புகவிடாது. இருபக்கமும் தத்தம் மரத்தோடு வாழும். ஒரே உட்பிரிவு ஈரிடத்தும் இன்றியமையாததாயின், விஎக்ஸ்லான் போன்ற முறையால் வழிப்படுத்திகளின் மேலாகப் பொதிந்து அனுப்பலாம்.

இணைக்குமுன் வேரையும் எல்லையையும் அடைபடும் வாயில்களையும் தாளில் வரைக. இணைத்தபின், வேலை நடவாத நேரத்தில் ஒரு கம்பியைக் கழற்றி, வரைந்தவாறே நிகழ்கின்றதா எனச் சோதிக்க. அவ்வரைபடம் அடுத்துப் பணியேற்பவர் கைக்கும் எட்டுமிடத்தில் இருத்தல் வேண்டும்.