மகளிர் உடற்பருமனும் மகப்பேற்று நலமும்

ஊட்டக் குறைவைப் போக்குவதே மகளிர் நலத் திட்டங்களின் முதல் நோக்கமாக நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. அந்நோக்கம் முழுமையாக நிறைவேறுமுன்பே, அதற்கு நேர்மாறான சிக்கலும் வளர்ந்துவிட்டது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆந்திரப் பிரதேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிரில் 36.3 விழுக்காட்டினர் மிகை எடை கொண்டவர்கள். 58.8 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். எனவே, எடை மிகுந்த பெண் நல்ல ஊட்டம் பெற்றவர் என்று கொள்வதற்கில்லை. சித்தூர், திருப்பதிப் பகுதிகளின் பழைய உணவான ராகிக் களியின் இடத்தை வெள்ளை அரிசிச் சோறு பெரிதும் பிடித்துக்கொண்டதும், உடலுழைப்பு குறைந்ததும் இங்கு எண்ணத்தக்கவை.

கருவுறுதலில் விளையும் தடை

வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகும்போது இன்சுலினின் ஆற்றல் குன்றுகிறது. அதனை ஈடுசெய்ய உடல் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுதியான இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்மை இயக்குநீர்களைப் பெருக்குகிறது. இதனால் கருமுட்டை முதிர்ந்து வெளிப்படுவது தடைப்பட்டு, மாதவிடாய் ஒழுங்கு தவறுகிறது. சினைப்பை நீர்க்கட்டி நோய் உள்ளவர்களிடம் இந்நிலை மேலும் கடுமையாகிறது. கருவுற்ற பின்னரும் கருக்காலச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், அறுவைப் பேறு ஆகியவற்றிற்கான வாய்ப்பு உயர்கிறது.

சிறு குறைப்பே போதும்

ஒன்றரை மீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள பெண்ணின் உடல் நிறை எண் 26.7. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பான 25ஐ இது கடந்தது. இவர் 3 கிலோ குறைத்தாலும் வரம்பிற்குள் வந்துவிடமாட்டார். எனினும், 5 முதல் 10 விழுக்காடு எடை குறைந்தாலே பலருக்குக் கருமுட்டை வெளிப்பாடு சீராகிறது. பட்டினி கிடப்பது இதற்கு வழியன்று. பருப்பு, கீரை, சிறுதானியம் ஆகியவற்றுடன் நாள்தோறும் நடைப்பயிற்சியும் வேண்டும்.

குழந்தையின்மைக்குப் பெண்ணையே பழித்தல் அறிவுக்குப் பொருந்தாது. கணவரின் உடற்பருமனும் விந்தணுக்களைப் பாதிக்கக்கூடும்; ஆகவே, இருவரையும் சோதித்தல் வேண்டும். அங்கன்வாடியில் கருவுற்ற பின்னர் எடுக்கப்படும் எடை தாயையும் சேயையும் காக்க உதவும். ஆனால் கருவுறுதலின் தடையை அது காட்டாது. வளரிளம் பெண்கள், புதுமணப் பெண்கள் ஆகியோரின் எடை, உயரம், மாதவிடாய் ஒழுங்கு ஆகியவற்றைக் கிராமச் சுகாதார நாளிலேயே பதிவு செய்தல் வேண்டும். தராசும் அளவு நாடாவும் செய்யக்கூடிய இப்பணியை முன்னரே செய்தால், பின்னர் கடன்பட்டுச் சிகிச்சை பெறும் நிலையைப் பல குடும்பங்கள் தவிர்க்கலாம்.