நீரில் அணையா நெருப்பு

பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளை நனைத்துக் கொள்ளிடத்தோடு கலப்பது மருதையாறு. கோடையில் மணல்வெளியாய்க் கிடக்கும் இவ்வாறு, ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில் கரைபுரண்டு ஓடும் இயல்பினது.

1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள், பொழுது புலரவில்லை. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கி விரைந்த புகைவண்டி, அரியலூரைக் கடந்து மருதையாற்றுப் பாலத்தை அடைந்தது. பெருவெள்ளத்தால் பாலம் நிலைகுலைந்தது. எஞ்சினும் பெட்டிகள் பலவும் ஆற்றில் வீழ்ந்தன. நூற்று நாற்பதின்மருக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரியார், அவ்விழப்புக்குத் தாம் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார்.

பாதை பழுதுற்றதென அறிந்தவர், வருகின்ற வண்டியை நிறுத்துவது எங்ஙனம்? பகலில் செங்கொடியும் இரவில் செவ்விளக்கும் உதவும். அடைமழையில் கொடி தோன்றாது, விளக்கொளியும் மங்கும். ஆதலின், இருப்புப்பாதைப் பணியாளர்க்கு வேறு இரு துணைகள் உண்டு. ஒன்று, தண்டவாளத்தில் பொருத்தும் வெடி. சக்கரம் ஏறியதும் பேரொலி எழுப்பி ஓட்டுநரை எச்சரிக்கும். இதனை 1841ஆம் ஆண்டில் அமைத்தவர் ஆங்கிலப் பொறியாளர் கௌப்பர். அகலப்பாதையில் தடையிலிருந்து 600 மீட்டர்த் தொலைவில் ஒன்றும், 1200 மீட்டர்த் தொலைவில் மூன்றும் வைப்பது இந்திய இரயில்வேயின் வழக்கம். மற்றொன்று, செஞ்சுடர் வீசி எரியும் தீக்கோல்.

மழையும் வெள்ளமும் சூழ்ந்தவிடத்து இத்தீக்கோல் எரியுமா? இதுவே ஆராயத்தக்க வினா.

அகல் விளக்கு காற்றிலுள்ள உயிர்வளியை உண்டு எரிகிறது; நீரில் அமிழ்ந்தால் அணைந்துவிடும். தீக்கோலின் தன்மை வேறு. அதன் மருந்தில் எரிபொருளோடு, உயிர்வளியைத் தன்னகத்தே கொண்ட உப்புகளும் கலந்துள்ளன. செந்நிறம் தருவது ஸ்ட்ரான்ஷியம் என்னும் உலோகத்தின் உப்பு. வெளிக்காற்றை நாடாமையால், தக்கவாறு அமைத்த தீக்கோல் நீருக்குள்ளும் எரியும். 2000ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியப் பவளத்திட்டினருகே, வெண்டி கிரெய்க் டங்கன் என்னும் கடலுயிரியல் அறிஞர் ஒலிம்பிக் சுடரைக் கடலுக்கடியில் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஏந்திச் சென்றார். அச்சுடரும் இம்முறையில் அமைந்ததே.

ஆயினும், கரையில் கொளுத்திய தீக்கோலை நீரில் அமிழ்த்தி, அது எரியக் கண்டு மகிழ்பவன் பாதிச் சோதனையே செய்தவனாவான். எரியத் தொடங்கிய சுடரினும் எரியாத மருந்துக்கே நீர் பெரும்பகை. உறையில் சிறு விரிசல் இருப்பினும் ஈரம் புகும், உப்பு கரையும், மருந்து பற்றாது. ஆகவே, முதலில் நனைத்துப் பின்னர்க் கொளுத்திப் பார்ப்பதே முழுச் சோதனை. இதனைப் பயிற்சி பெற்றோரே தக்க காவலுடன் செய்தல் வேண்டும். மாணவர் செய்ய முற்படலாகாது.

எரிதல் ஒன்றே போதுமா? அன்று. ஒளி காண்பார் கண்ணை எட்டுதல் வேண்டும். நிறங்களுள் நீர் விரைவில் விழுங்குவது செந்நிறத்தையே. தெளிந்த கடலிலும் பத்து மீட்டர் ஆழத்தில் அது பெரிதும் மங்கிவிடும்; சேறு கலந்த வெள்ளத்தில் கையளவு ஆழத்திலேயே மறையும். ஆதலின் தீக்கோல் நனைந்தும் எரிதல் வேண்டும். அதனை ஏந்துவோன் நீர்மட்டத்திற்கு மேலே உயர்த்திக் காட்டுதலும் வேண்டும்.

தண்டவாள வெடிகளையும் சோதிப்பதற்கு முறையுண்டு. இருப்பிலுள்ளவற்றுள் ஒன்றை எடுத்து, வெற்றுப் பெட்டியொன்றின் சக்கரத்தின்கீழ் வெடிக்கச் செய்து பார்ப்பர். ஆண்டு பல கழிந்தவற்றை நீக்குவர். பயன்படாமலே கழியும் கருவிக்கு இத்துணைப் பேணுதல் எதற்கு எனச் சிலர் எண்ணலாம். அது பயன்படும் நாள் ஒன்று வருமாயின், அன்று மீண்டும் ஒருமுறை முயல நேரம் இராது.

அபாயத்தை அறிவிக்கும் கருவி, அந்த அபாயத்தின் நடுவிலேயே பணிபுரிய வேண்டியது. வெள்ளத்தை அறிவிப்பது வெள்ளத்தில் நனைந்தும் பழுதுறாதிருத்தல் வேண்டும். அதனை வெயில் நாளிலேயே சோதித்து அறிந்து வைப்பது கடமை. அக்கடமையின் அருமையை மருதையாற்றின் துயரம் நமக்கு என்றும் நினைவூட்டுகிறது.