வாரிசுச் சான்றிதழும் முன்னோர் சொத்தும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய வானகரத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் நிலவிலை ஏற ஏற, பாட்டன் விட்டுச்சென்ற சொத்தைத் தேடிக் கிளம்பும் குடும்பங்களிடையே ஒரே பேச்சு திரும்பத் திரும்பக் கேட்கிறது. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டால், சொத்து உள்ளூரில் இருந்தாலும் பினாங்கில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் கைக்கு வந்துவிடுமாம். இது முழுத் தவறு. இதை நம்பித் தரகர்களுக்குப் பணத்தைக் கொட்டுவதை இனியேனும் நிறுத்த வேண்டும்.

வாரிசுச் சான்றிதழ் என்பது இறந்தவரின் உறவினர் யார் யார் என்று வருவாய்த் துறை எழுதித் தரும் சான்று மட்டுமே. யாருக்கு எவ்வளவு பங்கு என்று அது சொல்வதில்லை, சொல்லும் அதிகாரமும் அதற்கில்லை. நிலம் எந்த நாட்டில் உள்ளது, இறந்தவருக்குப் பொருந்தும் வாரிசுரிமைச் சட்டம் எது, அவர் இறந்த நாள் எது என்ற மூன்றுமே பங்கைத் தீர்மானிக்கின்றன. வானகரத்தில் சுயசம்பாத்திய நிலம் வைத்திருந்த ஓர் இந்து, உயில் எழுதாமல், மகனும் மகளும் இருக்க, 1956 ஜூன் 17க்கு முன் இறந்திருந்தால் மகளுக்குப் பங்கில்லை. அன்று நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பின் இறந்திருந்தால் அவளுக்கும் சமபங்கு உண்டு. பக்கத்து வீட்டுக் கிறித்தவருக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், எதிர்வீட்டு முஸ்லிமுக்கு ஷரீஅத்தும் பொருந்தும்.

கடல் கடந்தால் நிலை இன்னும் மாறுகிறது. மலேசியத் தீபகற்பத்தில் முஸ்லிம் அல்லாதவர் உயிலின்றி விட்டுச்சென்ற நிலத்துக்கு, அவர் எங்கே வாழ்ந்திருந்தாலும், 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டமே செல்லும். 1997 திருத்தத்துக்குப் பின் அது, மனைவி மக்கள் இருக்கும்போதும், பெற்றோருக்கு நாலில் ஒரு பங்கைத் தருகிறது, இந்து வாரிசுரிமைச் சட்டமோ பிள்ளைகள் இருக்கையில் தாய்க்குப் பங்கு தந்து தந்தையை விலக்கிவிடுகிறது. யாழ்ப்பாணத் தமிழருக்கு, ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை உண்டு. பெற்றோர் வழி வரும் முதுசம், மகளுக்குத் திருமணத்தில் தரும் சீதனம், மணவாழ்வில் சேர்த்த தேடியதேட்டம் எனச் சொத்தை அது வகைப்படுத்துவதால், நொத்தாரிசு முன் எழுதப்பட்ட பழைய உறுதிகளை, அதாவது சொத்துப் பத்திரங்களைப் பார்க்காமல் அங்கே ஓர் அடியும் நகர முடியாது.

மற்ற நம்பிக்கைகளுக்குச் சில வரிகள் போதும். பட்டா வருவாய்த் துறை ஆவணமே, அதுவே உரிமை மூலமாகாது. பதிவு செய்யாத உயில் செல்லாது என்பது பொய், ஏனெனில் உயிலைப் பதிவது விருப்பத்தைப் பொறுத்தது. வில்லங்கச் சான்றில் இல்லாததால் உயிலே இல்லை என்பதும் பொய், ஏனெனில் பதிவான உயில்கள் சார்பதிவகத்தின் மூன்றாம் புத்தகத்தில் தனியே உள்ளன. எழுதியவர் இறந்தபின் அவற்றின் நகலை யாரும் கேட்டுப் பெறலாம்.

பங்கைத் தீர்மானிப்பதில் இறந்த நாளுக்கும் இடமிருப்பதால், தேடல் தொடங்க வேண்டிய இடம் இறப்புப் பதிவேடு. கிராம முன்சீப் பதவி 1980 நவம்பரில் ஒழிக்கப்படும்வரை கிராமத்தில் நேர்ந்த இறப்புகளைக் குறித்துவந்தவர் அவரே. அந்தப் பழைய பதிவேடுகளைத் தாள் நொறுங்குமுன் படியெடுத்து மக்கள் பார்வைக்கு வைப்பது அரசின் கடமை, வீட்டுப் பெரியவர்களின் இறந்த தேதிகளைச் சான்றுடன் எழுதி வைப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை.