பால் பல்தானே என்று விட வேண்டாம்

தருமபுரிச் சகோதரிக்கு,

மூன்றரை வயது மகனின் மேல் முன்பற்கள் பழுப்பேறி விளிம்பு உதிர்கின்றன, "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்கிறார் மாமியார், டாக்டரிடம் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகத்தான் வேண்டும், இந்த வாரமே.

முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், சரி. பால் கடைவாய்ப் பற்களோ பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்தாக வேண்டியவை. சொத்தையாகி முன்னதாகவே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும். அடியிலிருந்து வரும் பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும்.

மேல் முன்பல் முதலில் கெட்டது என்றாலே எனக்கு இரவுப் பால் புட்டி மேல்தான் சந்தேகம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறையும். சர்க்கரை போட்ட பால் மேற்பற்களில் தேங்கி நிற்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிக்கும். புட்டியை ஒரே நாளில் பிடுங்கினால் வீடு இரண்டுபடும். முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். பிறகு பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்து, கடைசியில் வெறும் தண்ணீர்.

உங்கள் கைக்குழந்தை மகளையும் மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, நல்ல வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் சாக்பீஸால் கீறியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் ஆரம்பம். அந்த நிலையில் குழி விழாமல் தடுத்துவிடலாம்.

ஃபுளோரைடு பேஸ்ட் வேண்டாம் என்கிறார் உங்கள் கணவர். காவிப் பல் பார்த்து வளர்ந்த ஊர்க்காரருக்கு அந்தப் பயம் நியாயமே. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில் அளவுக்கு மீறி விழுங்கும் ஃபுளோரைடுதான் அந்தக் கறைக்குக் காரணம். போர் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு காய்ச்சினாலும் போகாது. குடிக்க, சமைக்க ஒகேனக்கல் குடிநீரையே வையுங்கள். பேஸ்ட் சின்னவளுக்கு ஓர் அரிசி அளவு, பெரியவனுக்குப் பட்டாணி அளவு போதும், துப்பப் பழக்குங்கள். பிரஷ் முழுக்க அலை அலையாகப் பிதுக்குவதெல்லாம் விளம்பரக்காரர்களின் வியாபாரம். போர் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்லும் பேஸ்ட்டை வாங்குங்கள்.

இன்னொன்று. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பல்வரிசையின் கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். பால் பல் என்று பலர் விட்டுவிடுவது அதைத்தான். அது ஆயுளுக்கும் உள்ள பல். முளைத்ததும் அதன் பள்ளங்களை டாக்டரிடம் பூசி அடைத்துக்கொள்ளலாம்.

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் அரசு மருத்துவக் குழு பல் சொத்தையையும் பார்க்கும். சின்னவளை அன்று தவறாமல் தூக்கிப் போங்கள். மகனை அதுவரை வைத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு இந்த வாரமே கூட்டிப் போங்கள்.