திருகாணித் தலையில் ஒரு சிறு பள்ளம்

புதிதாக வாங்கிய மேசையைப் பொருத்தும்போது சில வேளைகளில் திருகாணி ஏமாற்றிவிடும். சாவி சுற்றும்; திருகாணி சுற்றாது. அதன் தலையிலுள்ள பள்ளத்தின் மூலைகள் மழுங்கிவிட்டதே இதற்குக் காரணம். பிறகு அதை இறுக்கவும் முடியாது. எளிதில் கழற்றவும் முடியாது. விரல் நகத்தைவிடச் சிறிய அந்தப் பள்ளத்தின் வடிவமைப்பில் எவ்வளவு சிந்தனை அடங்கியுள்ளது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

முற்காலத் திருகாணிகள் பலவற்றின் தலையில் நேர்கோடு போன்ற ஒரு வெட்டு மட்டுமே இருந்தது. திருப்புளியின் முனை அதில் நிலையாக நிற்காமல் பக்கவாட்டில் நழுவியது. கனடாவைச் சேர்ந்த பீட்டர் ராபர்ட்சன் என்னும் விற்பனையாளர், 1906ஆம் ஆண்டு வாக்கில், மாண்ட்ரியல் நகரில் ஒரு திருப்புளியை இயக்கிக் காட்டினார். அப்போது அது நழுவி அவருடைய கையைக் காயப்படுத்தியது. நழுவாத திருகாணியை உருவாக்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்குள் வலுப்பெற்றது.

சதுரப் பள்ளம் என்னும் கருத்து அவருக்கு முன்பே வேறு சிலருக்கும் தோன்றியிருந்தது. ஆனால், உலோகத்தைச் சூடாக்காமல் அச்சால் அழுத்திப் பள்ளம் உண்டாக்கியபோது திருகாணியின் தலை வலுவிழந்தது. ராபர்ட்சன் பள்ளத்தின் சுவர்களைச் சற்றே சரிவாகவும், அடிப்பகுதியைத் தலைகீழ்ப் பிரமிடு போலவும் அமைத்தார். இதனால், அழுத்தப்பட்ட உலோகம் சிதையாமல் பக்கங்களுக்கு நகர்ந்தது; தலையும் வலுவாக இருந்தது. அவர் 1908ஆம் ஆண்டில் மில்டன் நகரில் உற்பத்தியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு காப்புரிமையும் பெற்றார்.

பள்ளத்தின் வடிவம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு பொருளைச் சுழற்றும் விசையின் விளைவை முறுக்குவிசை என்பர். விசையை, அது செயல்படும் தூரத்தால் பெருக்கினால் முறுக்குவிசை கிடைக்கும். 10 செண்டிமீட்டர் நீளமுள்ள சாவியின் முனையில் 100 நியூட்டன் விசை கொடுத்தால், முறுக்குவிசை 10 நியூட்டன் மீட்டர் ஆகும். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் திருகாணியை இறுக்க ஏறத்தாழ அவ்வளவு தேவைப்படும்.

அத்தகைய திருகாணியின் அறுகோணப் பள்ளம் 5 மில்லிமீட்டர் அகலமே உடையது. அதன் மூலைகள் மையத்திலிருந்து 3 மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் உள்ளன. தூரம் குறையும்போது விசை கூடும். ஆகவே, கை கொடுத்த 100 நியூட்டன் விசை, பள்ளத்தின் மூலைகளில் மொத்தம் ஏறக்குறைய 3,500 நியூட்டனாக மாறுகிறது. இது 350 கிலோகிராம் எடை அழுத்துவதற்கு ஒப்பாகும்.

பள்ளத்தை அகலமாக்கினால் இந்த விசை குறையும். ஆனால், தலையின் சுற்றுச்சுவர் மெலிந்து பிளக்கக்கூடும். ஆழமாக்கினால் சாவி நன்கு பற்றும். ஆனால், பள்ளத்தின் அடியில் உலோகம் மெலிந்து தலையே தனியாக முறியக்கூடும். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி வடிவமைப்பாளருக்கும் பொருந்தும்.

வடிவத்தை மாற்றுவது மற்றொரு வழி. கூட்டல் குறி போன்ற பள்ளத்தின் சுவர்கள் சரிவானவை. அதனால், விசை மிகும்போது திருப்புளி மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. அறுகோணத்தில் விசை மூலைகளில் குவிகிறது. 1967ஆம் ஆண்டில் அறிமுகமான ஆறு இதழ் கொண்ட நட்சத்திரப் பள்ளத்திலோ விசை இன்னும் பரந்த பரப்பில் பரவுகிறது. எனவே, மூலைகள் மழுங்கும் வாய்ப்புக் குறைகிறது.

இந்த வேறுபாட்டின் அருமை மருத்துவத்துறையில் நன்கு விளங்கும். முறிந்த எலும்பை இணைக்கும் திருகாணிகள் தனித்தேவைக்கென வடிவமைக்கப்படுபவை. அவற்றின் தலை உயரமாக இருந்தால் அருகிலுள்ள தசையையும் தோலையும் உறுத்தும். தலை தாழ்வாக இருந்தாலோ பள்ளத்தின் ஆழம் குறைந்துவிடும். சில ஆண்டுகள் கழித்து அதே திருகாணியைக் கழற்றவும் நேரிடலாம். அப்போது பள்ளம் மழுங்கிவிட்டால், மருத்துவர் அதைத் துளையிட்டு அகற்ற வேண்டிய நிலை ஏற்படலாம். அறுவைச் சிகிச்சையும் நீளும். ஆகவே, மாதிரித் திருகாணிகளை முறியும்வரை முறுக்கிச் சோதிக்கின்றனர். எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும், எந்தப் பகுதி முதலில் சிதைகிறது என்பதைக் குறித்துக்கொள்கின்றனர்.

மேசைத் திருகாணி மழுங்கினால் சற்று எரிச்சல் வரும், அவ்வளவுதான். உடலுக்குள் இருக்கும் திருகாணி மழுங்கினால், துன்பப்படுபவர் அதை வடிவமைத்தவர் அல்லர், நோயாளியே.