உடும்பின் அன்றாடச் சோறு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய உடும்புப் படத்தைப் பார்த்தேன். ஒளி நன்றாக விழுந்திருக்கிறது, செதில்களை எண்ணிவிடலாம். ஆனால் அதன் வாயருகே உடைந்து கிடக்கும் கோழிமுட்டை நீ வைத்ததுதானே? உன் வயதில் நானும் வைத்திருக்கிறேன். அந்தப் படங்களை இன்று யாருக்கும் காட்டுவதில்லை. அவற்றில் உடும்பு இருக்கிறது, அதன் பிழைப்பு இல்லை.

முட்டை கிடைத்தால் உடும்பு விடாதுதான். நத்தை, நண்டு, தவளை, எலி, செத்த பிராணி எதையும் விடாது. ஆனால் அன்றாடச் சோறு பெரும்பாலும் வண்டும் புழுவும்தான். அதன் எச்சத்தைக் குச்சியால் பிரித்துப் பார். வண்டுகளின் இறக்கை ஓடுகள் மினுங்கும். சாணி கிடக்கும் மேய்ச்சல் நிலம், சருகு மண்டிய வயலோரம், முட்புதர் என்று அதைத் தேடிப் போகவேண்டிய இடங்களை அந்த ஓடுகளே சொல்லிவிடும்.

விடியலிலேயே ஓடாதே. உடும்பு பகலில் நடமாடுவது. வெயில் ஏறியதும் வெளியே வந்து காய்ந்து, உடம்பு சூடான பிறகே இரை தேடும். நடக்கையில் பிளவுபட்ட நாக்கு நீள்வதும் மறைவதுமாக இருக்கும். வாசனைத் துகள்களை எடுத்து மேலண்ணத்திலுள்ள நுகர் உறுப்பில் சேர்க்கிறது. ஒரே இடத்தை நாக்கு மறுபடி மறுபடி தொட்டால் மூச்சை அடக்கிக்கொள். முன்னங்கால் நகங்கள் சருகைப் பறிக்கும். முகம் மண்ணுக்குள் புகும். அப்போது மூக்குத்துளையைப் பார்: கண்ணுக்கும் முக நுனிக்கும் ஏறக்குறைய நடுவில், கத்தியால் கீறினாற்போல் இருக்கும். நாசி முக நுனியை ஒட்டி இருந்தால் நீ பார்ப்பது நீர் உடும்பாக இருக்கலாம்.

கறையான் புற்றையோ மரப்பொந்தையோ கிளறி அதை வெளியே வரவழைக்காதே. அதுதான் அதன் வீடு. பெண் உடும்பு புற்றில் முட்டையும் இடும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் முதல் அட்டவணையில்தான் உடும்பும் இருக்கிறது. ஆனாலும் கறிக்காக அதைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் படத்தை வெளியிடும்போது இடத்தைச் சொல்லாதே. உன் படம் அவர்களுக்கு வழிகாட்டிவிடக் கூடாது.

முட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. நாலு நாள் வெறுங்கையோடு திரும்பினாலும் பரவாயில்லை. ஐந்தாம் நாள், மண் அப்பிய முகமும் வாயோரத்தில் துடிக்கும் வண்டின் காலுமாக ஒரு படம் கிடைத்தால், அதை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்